ஏழாவது நிபந்தனை

பிரேக் வாத்தியாரின் வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவருடைய காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற அவருக்கு ஒரு பிரேக். இருபத்தொன்பது வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே பிழைத்தவர் என்பதால், காரை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் வேலையை விடாது. முடிவெட்டும் கடையில் கத்தி காதுக்குப் பக்கத்தில் வந்தால் அமுக்குவார். டிவியில் யாராவது குறுக்கே ஓடினால் அமுக்குவார். மனைவி கொஞ்சம் வேகமாகக் காய் நறுக்கினால் சமையலறை வாசலில் நின்றபடியே தரையை அமுக்குவார்.

"அமுக்குங்க, நல்லா அமுக்குங்க. பள்ளம் விழட்டும்" என்பார் அந்த அம்மாள், திரும்பிப் பார்க்காமலே.

அந்த அம்மாளை ஊரில் எல்லோரும் டைப்பிஸ்டம்மா என்பார்கள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தலையில் தட்டினால்தான் வேலை செய்யும் ஒரு பிரிண்டர். ஊரில் பாதி வீடுகள் அவர் விரல் வழியாகத்தான் கைமாறியிருக்கின்றன. பத்திரத்தில் ஒரு புள்ளி தப்பாது. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

வாத்தியாருக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணத்தில் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார். ஆறு வருஷம் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தார், ஓடு மாற்றினார், மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டார். ஏழாம் வருஷம், ஒரு ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை வந்தபோது, "இது யார் வீடுன்னு நெனச்சுப் பேசறீங்க?" என்று கேட்டார்கள். அவர் அதுவரை தன் வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பழுப்பு நிறப் பெட்டியில் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். விரட்டியதைவிட, தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்ததுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

விவாகரத்தெல்லாம் முடிந்து, நாற்பத்தொரு வயதில், மாணவர்களின் லைசென்ஸ் விண்ணப்பங்களை அடிக்கப் போன இடத்தில் டைப்பிஸ்டம்மாவைப் பிடித்துப்போயிற்று. அந்த அம்மாளுக்கும் பிடித்திருந்தது. சொந்த உழைப்பில் கட்டிய இரண்டு அறை வீடு ஒன்று அவருக்கு இருந்தது. வாத்தியாருக்குப் பிரச்சினையே அங்கேதான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஒப்பந்தம் எழுதிப் பதிஞ்சிடலாம். உன் சொத்து உனக்கு, என் சொத்து எனக்கு" என்றார்.

"வாயால சொன்னா போதாதா?"

"போன தடவை எல்லாம் வாயாலதான் இருந்துச்சு."

"ஊருக்கெல்லாம் பத்திரம் அடிக்கறவ நான். எங்கிட்டயே பத்திரம் கேக்கறீங்களா? சரி, அடிச்சுத் தரேன்."

அடித்த வேகத்தில் விசைப்பலகையில் இரண்டு எழுத்து தேய்ந்தே போயிற்று என்பார்கள். பதினோரு நிபந்தனைகள். பத்து நிபந்தனைகள் எல்லோருக்கும் எழுதுவதுதான். ஏழாவதை மட்டும் கோபம் எழுதியது: 'ஒருவர் சொத்தில் மற்றவர், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.' இதைப் படித்ததும் மனிதருக்குச் சுருக்கென்று தைக்கும், 'என்ன இது, கிழிச்சுப் போடு' என்பார், தானும் கிழித்துப் போட்டுவிட்டுச் சமாதானமாகிவிடலாம் என்பது டைப்பிஸ்டம்மாவின் கணக்கு.

வாத்தியார் இரண்டு தடவை படித்தார். "ரொம்பத் தெளிவா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கணக்குப் போட்டவர் வேறு வழியில்லாமல் தானும் போட்டார். பின்னால் இணைத்த பட்டியலில் வீடு, ஃபிரிட்ஜ், இரண்டு கதவு மர அலமாரி ஒன்று ஆகியவை மனைவிக்கு. கார், கருவிப் பை, பழுப்புப் பெட்டி ஒன்று ஆகியவை கணவருக்கு.

கல்யாணமான நான்காம் நாள், சட்டை மாட்ட இடமில்லை என்று வாத்தியாருக்குத் தோன்றியது. ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார்: 'படுக்கையறைச் சுவரில் சட்டை மாட்ட ஓர் ஆணி அடிக்க அனுமதி வேண்டுகிறேன்.' டைப்பிஸ்டம்மா அதைப் பார்த்து முதலில் சிரித்தார். விளையாட்டில்லை, மனிதர் நிஜமாகவே கேட்கிறார் என்று தெரிந்ததும் கோபம் வந்தது. அடியிலேயே பதில் எழுதினார்: 'மறுக்கப்படுகிறது. அலமாரியில் இடம் இருக்கிறது.'

வாத்தியார் 'மறுக்கப்படுகிறது' வரைக்கும்தான் படித்தார் என்று சொல்ல வேண்டும். மிச்சத்தைக் கண் படித்தது, மனசு படிக்கவில்லை. சட்டைகளைப் பெட்டியிலேயே மடித்து வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். பதினெட்டு வருஷம் பெட்டி அங்கேயே இருந்தது.

ஆனால் துண்டுச் சீட்டு பழக்கமாகிவிட்டது. 'ஹால் விளக்கை மஞ்சளாக மாற்ற அனுமதி வேண்டுகிறேன்.' 'மறுக்கப்படுகிறது. எனக்குக் கண் தெரிய வேண்டும்.' டைப்பிஸ்டம்மாவும் சளைத்தவரில்லை. 'காரின் முன்சீட்டில் குஷன் வைக்க அனுமதி வேண்டுகிறேன்.' 'அனுமதிக்கப்படுகிறது. பூப்போட்டது கூடாது.' 'பூப்போட்டதுதான் வாங்கிவிட்டேன்.' 'அப்படியானால் பின்சீட்டில்.' எல்லாச் சீட்டுகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்துகொண்டே வந்தன. சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்ற நாட்களில்கூட ஃபிரிட்ஜ் கதவு பேசிக்கொண்டுதான் இருந்தது. இப்படியும் குடித்தனம் நடத்தலாம் என்று அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குடிநீர் அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்க ஒருவர் வரும்வரை. டைப்பிஸ்டம்மா வேலைக்குப் போயிருந்தார். வாத்தியார் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் வீட்டுக்கு வந்திருந்தார்.

"வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார் வந்தவர்.

"வீட்டுக்காரம்மா வேலைக்குப் போயிருக்காங்க."

"நீங்க?"

"நான் இங்க தங்கியிருக்கேன்."

வந்தவர் எழுதிக்கொண்டார். ஒரு நகலைக் கிழித்து வாத்தியாரிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பினார். சாயங்காலம் டைப்பிஸ்டம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தார். 'உரிமையாளர்: 1. தங்கியிருப்பவர்: 1.'

அன்றைக்கு அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் வாத்தியாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரே ஒரு தாள் கொண்டுவந்தார். ரத்துப் பத்திரம். பதினெட்டு வருஷத்துக்கு முன் பதிந்த ஒப்பந்தத்தின் பதினோரு நிபந்தனைகளும் இனிச் செல்லாது, வீடும் காரும் மற்ற எல்லாமும் இருவருக்கும் பொது என்று நாலு வரி.

"புதன்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பதிஞ்சிட்டு வரலாம்" என்றார்.

வாத்தியாரின் வலது கால் தரையை அமுக்கியது. "இப்ப என்ன அவசரம்?"

"பதினெட்டு வருஷமா என்கூட வாடகை குடுக்காமக் குடியிருந்தீங்களா, இல்ல குடும்பம் நடத்தினீங்களா? எனக்கு அது தெரிஞ்சாகணும். அவ்வளவுதான் அவசரம்."

வாத்தியாருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மனைவி மேல் சந்தேகமா என்றால் இல்லை. தங்கமான மனுஷி. ஆனால் அந்த ஒப்பந்தம் இருக்கிறவரை, தன்னுடையது அல்லாத ஓர் இடத்தில் தான் இருக்கிறோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தே இருப்பவனை யாரும் 'யார் வீடுன்னு நெனச்சே' என்று கேட்க முடியாது. ஒன்பதாவது நிபந்தனைப்படி, பிரிய நேர்ந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரியாதையாகப் போய்விடலாம். இந்த வீட்டைத் தன் வீடு என்று நினைத்துவிட்டு, அப்புறம் ஒருநாள் மறுபடியும் அந்த வார்த்தையைக் கேட்டால் தாங்க முடியாது என்பதுதான் அவர் பயம். இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். சொல்கிற ஆளா அவர்?

புதன்கிழமை இருவரும் போனார்கள். பதிவாளர் புதிதாக மாற்றலாகி வந்தவர், எதையும் விதிப்படி செய்கிறவர். முதலில் வாத்தியாரைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"இதை ரத்து செஞ்சா வீடும் காரும் ரெண்டு பேருக்கும் பொதுவாயிடும். புரியுதா?"

"புரியுது சார்."

"யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

இந்த இடத்தில் வேறு எந்த மனிதராக இருந்தாலும் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார். வாத்தியார் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே பாடம் சொல்லிக்கொடுத்தவர். அதிகாரி கேள்வி கேட்டால் சமாளிக்காதே, உள்ளதைச் சொல்.

"ஆமா சார்."

பதிவாளரின் பேனா நின்றது. "யாரு?"

"என் சம்சாரம்தான் சார். வேற யாரு கூட்டிட்டு வரப்போறாங்க?"

அவ்வளவுதான். பதிவாளர் பத்திரத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டாயத்தின்பேரில் வந்த பத்திரத்தைப் பதிய முடியாது, மனசார விரும்பும்போது வாருங்கள் என்றார். வாசலைத் தாண்டுவதற்குள் செய்தி தகரக் கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட்டது. முத்திரைத்தாள் விற்பவர் சிரிப்பை அடக்க முடியாமல் நாளிதழுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். இருபது வருஷம் கண்ணும் கருத்துமாகத் தொழில் பார்த்த இடத்தில், தன் சொந்தப் பத்திரமே திரும்பி வந்துவிட்டதே என்று டைப்பிஸ்டம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

காரில் பாதி தூரம் வந்ததும் டைப்பிஸ்டம்மா வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"நீங்க பொய் சொல்லலை. சொல்லியிருந்தா திட்டித் தீர்த்துட்டு விட்டிருப்பேன். உண்மையைத்தானே சொன்னீங்க, அதான் எனக்குத் தாங்க முடியல" என்றார்.

அதற்குப் பிறகு ரத்துப் பத்திரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பாடு வந்தது, டீ வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. சீட்டுக்கு மட்டும் பதில் வரவில்லை. குளியலறைக் குழாய் கொஞ்ச நாளாகவே சொட்டிக்கொண்டிருந்தது. 'குழாய் மாற்ற அனுமதி வேண்டுகிறேன்' என்று ஒட்டினார். மூன்று நாள் அப்படியே இருந்தது. 'அவசரம்' என்று சேர்த்து இரண்டாவது ஒட்டினார். நான்காம் நாள் பதில் வந்தது. 'உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க.'

அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பதில் வந்ததே கிடையாது. அன்றைய மாணவி ஓய்வுபெற்ற நர்ஸம்மா, காலியான நேர் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் நாலு முறை தானாக நின்றது.

"சார், நான் ஒண்ணுமே செய்யலையே, ஏன் நிக்குது?"

"மன்னிச்சுக்கோங்கம்மா. என் கால்தான்" என்றார் வாத்தியார்.

குழாய் இவர்கள் சண்டைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கை கழுவலாம் என்று வாத்தியார் அதைத் திருகியபோது அதன் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கூரையைத் தொட்டது. வெளியே ஓடி, துருப்பிடித்த வால்வோடு மல்லுக்கட்டி, ஸ்பானரால் நாலு தட்டுத் தட்டி அடைப்பதற்குள் தண்ணீர் ஹாலைக் கடந்து படுக்கையறைக்குள் நுழைந்திருந்தது. முதலில் பெட்டியை இழுத்துக் கட்டில் மேல் போட்டார். துடைக்கத் துணி வேண்டும். அவரிடம் இருந்தது இரண்டே துண்டு, இரண்டும் ஏற்கெனவே சொதசொத. பழைய துணியெல்லாம் அலமாரியில். அலமாரியோ மனைவியின் பட்டியலில்.

பேனாவைத் தேட நேரமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வாத்தியார் அந்த அலமாரியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். இடது கதவு திறந்துகொண்டது.

உள்ளே ஒன்றுமே இல்லை.

பாதி அலமாரி காலி. தட்டுகளில் காகிதம் விரித்திருந்தது. குனிந்து பார்த்தார். இந்த வருஷத்து நாளிதழ். மூலையில் புது பாச்சை உருண்டை. கம்பியில் எட்டு ஹேங்கர்கள், ஒரே அளவு இடைவெளியில், ஒன்றிலும் துணி இல்லாமல் தொங்கின. வலது கதவைத் திறந்தார். அந்த அம்மாளின் பதினெட்டு வருஷத்துத் துணிமணிகள் அத்தனையும் பாதி இடத்தில் திணித்து அடைத்திருந்தது, திறந்த வேகத்தில் சரிந்து அவர் மேலேயே விழுந்தது.

வாத்தியார் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அந்த முதல் சீட்டின் மிச்சத்தை அவர் மனசு படித்தது. அலமாரியில் இடம் இருக்கிறது. ஒரு மனுஷி வருஷாவருஷம் காகிதம் மாற்றி, உருண்டை மாற்றி, தான் நெருக்கிக்கொண்டு இடம் விட்டு வைத்திருக்கிறாள். தானோ கட்டிலுக்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு, எப்போது போகச் சொல்வாளோ என்று படுத்திருக்கிறோம். ஐம்பத்தொன்பது வயது மனிதர் விக்கி விக்கி அழுதார். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

அழுது முடித்ததும் வேலையில் இறங்கினார். தரையைத் துடைத்தார். கடைக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கிவந்து மாட்டினார். பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஹேங்கரில் மாட்டினார். எட்டு ஹேங்கர், ஒன்பது சட்டை. ஒரு சட்டை மிஞ்சியது. கருவிப் பையிலிருந்து சுத்தியலும் ஆணியும் எடுத்து, யாரையும் எதையும் கேட்காமல் படுக்கையறைச் சுவரில் ஓங்கி அடித்தார். ஒன்பதாவது சட்டை அதில் தொங்கியது. காலிப் பெட்டியில் ஈரத் துணிகளை அள்ளிப் போட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

ஐந்தரை மணிக்கு டைப்பிஸ்டம்மா வந்தார். ஈர வாசனையைத் தொடர்ந்து படுக்கையறைக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு ஆணி அடிச்சீங்க?"

"யாரையும் கேக்கலை."

"கோணலா இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. நம்ம வீடுதானே?"

டைப்பிஸ்டம்மா கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். அலமாரிக்குப் போய் இடது கதவைத் திறந்தார். விரலால் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எட்டையும் எண்ணினார். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒன்பது சட்டைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

"இப்படி இடம் வெச்சிருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே! எழுத்து மூலமா!"

வாத்தியாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மாளே முதலில் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்றைக்குத்தான் வாத்தியார் மாமனார் வீட்டுக் கதையை முழுசாகச் சொன்னார், மாடிப்படிக் கைப்பிடி உட்பட. "இதைக் கேட்டிருந்தா ஏழாவதை நான் அடிச்சிருக்கவே மாட்டேனே" என்று டைப்பிஸ்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே வாத்தியார் குளித்துத் தயாராகிவிட்டார். அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. "கிளம்பு, கிளம்பு" என்று நாலு மணி நேரம் அரித்தெடுத்தார். பதிவாளருக்கு இவரை நன்றாக நினைவிருந்தது.

"இன்னைக்கு யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லை சார். நானா வந்தேன்."

அடுத்து டைப்பிஸ்டம்மாவைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"ஆமா சார். காலைல ஆறு மணிலேர்ந்து இந்த மனுஷன் கட்டாயப்படுத்தறாரு" என்றார் அந்த அம்மாள்.

பதிவாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார், கதவுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியாரைப் பார்த்தார், வாழ்க்கையில் ஒருமுறை விதியைக் கொஞ்சம் தளர்த்தி, முத்திரையை எடுத்துக் குத்தினார். தகரக் கூரைக்குக் கீழே முத்திரைத்தாள் விற்பவர் எழுந்து நின்று கைதட்டினார். டைப்பிஸ்டம்மா அவரை முறைத்த முறைப்பில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபிரிட்ஜ் கதவு காலியாகிவிடவில்லை. பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? இப்போதும் சீட்டு ஒட்டுகிறார்கள், அனுமதிதான் யாரும் கேட்பதில்லை. 'ஹால் விளக்கை மஞ்சளாக மாற்றிவிட்டேன்' என்று ஒன்று இருந்தது. 'திரும்ப வெள்ளையாக்கிவிட்டேன்' என்று அடுத்த நாளே இன்னொன்று. முன்சீட்டில் பூப்போட்ட குஷன் வந்துவிட்டது. மாணவர்கள் யாரும் அதைப் பற்றி வாத்தியாரிடம் கேட்பதில்லை.

ஆறு மாதம் கழித்துக் குடிநீர் அலுவலகத்திலிருந்து அதே ஆள் வந்தார். வாத்தியார் ஏணி மேல் நின்று வாசல் கதவுக்கு மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் பழைய தாளைப் புரட்டி, இவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"வீட்டுக்காரம்மா இல்லையா?"

"வேலைக்குப் போயிருக்கா. எங்கிட்ட கேளுங்க."

"இல்லை, வீட்டுக்காரங்கதான் கையெழுத்துப் போடணும்."

"அதைத்தான் சொல்றேன். குடுங்க" என்று வாத்தியார் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். கையிலிருந்த பெயிண்டைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "உரிமையாளர் ரெண்டு பேர்னு எழுதிக்கோங்க."

அந்த ஆள் எழுதிக்கொண்டு, அடுத்த கட்டத்துக்கு வந்தார். "போன தடவை தங்கியிருக்கறவர் ஒருத்தர்னு இருந்துச்சே. அவர் காலி பண்ணிட்டாரா?"

"ஆமா, காலி பண்ணிட்டாரு" என்றார் வாத்தியார். "பெட்டியைக்கூட விட்டுட்டுப் போயிட்டாரு."